கர்ப்பகாலத்தில் குதிரை: வீட்டுக் கொட்டகையா, லாயமா, வாரத்துக்கு (பங்குக்கு) விடுவதா?

பாலக்காட்டில் தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் குதிரை வைத்திருக்கும் வீடுகளே குறைவு. குதிரையைப் பார்த்துக்கொள்வது வீட்டுப் பெண் என்பது அதிலும் குறைவு. அதனால் நான் கர்ப்பமானபோது, குதிரையை என்ன செய்வது என்று கேட்க அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. கடைசியில் என் பெட்டைக்குதிரையைப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சவாரிப் பள்ளியின் லாயத்தில் மாதக் கட்டணத்துக்கு விட்டேன். பையனுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது, குதிரை இன்னும் அங்கேதான் இருக்கிறது. இதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். என் சாய்வு லாயத்தின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சவாரியைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. நாள் தள்ளிப்போனது உறுதியானதும் நிறுத்திவிட வேண்டும். முதல் மூன்று மாதம் கருப்பை இடுப்பெலும்புக்குள் இருக்கும். அதற்கப்புறம் மேலே ஏறி வயிற்றுப் பக்கம் வந்துவிடும். அப்போது விழுந்தாலோ உதைபட்டாலோ நச்சுக்கொடி பிரியும் ஆபத்து உண்டு. எவ்வளவு சாதுவான குதிரையும் ஒரு பிளாஸ்டிக் பை காற்றில் பறந்தால் துள்ளும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. யோசிக்க வேண்டியது தரையில் நின்று செய்யும் வேலைகளைத்தான்.

வீட்டுக் கொட்டகையில் குதிரை கண்முன்னே இருக்கிறது, லத்தி தென்னைக்கு உரமாகிறது, பழகிய இடத்தை விட்டு அது நகர வேண்டியதில்லை. நல்ல விஷயங்கள்தான். ஆனால் வேலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 350 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் தண்ணீர், வெயில் காலத்தில் அதற்கு மேலும் வேண்டும். காய்ந்த தீவனமாக 6, 7 கிலோ. பசும்புல்லாக அறுத்துப் போட்டால் அதுவே 30 கிலோவைத் தாண்டும். தினமும் அள்ளும் லத்தி 10 கிலோவுக்குக் குறையாது. எல்லாமே குனிவதும் தூக்குவதும். ஆகவே ஆள் வைத்தே ஆக வேண்டும். அதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது.

என் முடிவைத் தீர்மானித்தது அந்த ஆள் வராத நாள்.

மாடு பார்க்க எங்கள் பக்கம் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். குதிரை பழகியவர் தேடினால் ஒருவர் கிடைப்பார். அந்த ஒருவருக்கும் காய்ச்சல் வரும், சொந்தத்தில் கல்யாணம் வரும், ஊரில் மாரியம்மன் நோம்பி வரும். ஓணத்துக்கு இரண்டு நாள், பொங்கலுக்கு மூன்று நாள். மாட்டுக்கு என்றால் பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டுச் சோளத்தட்டுப் போடச் சொல்லலாம். குதிரையின் அருகே அவர்கள் அண்ட மாட்டார்கள். அது நியாயமும்கூட. அப்புறம் யார் உள்ளே போவது? கர்ப்பிணிதான். பசித்த குதிரை பொறுமையில்லாமல் கொட்டகைக்குள் சட்டென்று திரும்பும். சுவருக்கும் அதன் விலாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால், நம் பழைய சுறுசுறுப்போடு அப்போது விலக முடியாது. வயிறு முன்னே தள்ளியிருக்கும், மூட்டுகள் தளர்ந்திருக்கும், தரை ஈரமாக இருக்கும்.

மழைக்காலத்தில் இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொள்கிறது. தீவனம் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் கால் வைப்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க, கேரளத்தில் சுகாதாரத் துறையினர் டாக்ஸிசைக்ளின் மாத்திரை தருகிறார்கள். ஆனால் அது கர்ப்பிணிகளுக்குத் தவிர்க்கப்படும் மாத்திரை. எலிக்காகப் பூனை வைத்தால், பூனைக் கழிவிலிருந்து டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி வரலாம், அது கருவைப் பாதிக்கக்கூடியது. பெட்டைக்குதிரைக்குப் பருவச் சூட்டைக் கட்டுப்படுத்தக் கொடுக்கும் ஆல்ட்ரெனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மருந்து தோல் வழியாகவே உடம்பில் ஏறிவிடும் என்பதால் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசியை எப்படியும் கர்ப்பத்தில் போட்டுவிடுகிறார்கள். குதிரை லத்தியிலும் அந்த மண்ணிலும் அதன் கிருமி இருப்பதால், குதிரை வீட்டுப் பெண்கள் அதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

இவ்வளவுக்கும் மேலே நம் வழக்கம் ஒன்று இருக்கிறது. தலைப் பிரசவத்துக்கு வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போகிறோம், குழந்தை பிறந்து சில மாதம் கழித்துத்தான் திரும்புகிறோம். அந்தக் காலம் முழுக்கக் குதிரை மாமியார் வீட்டில், நாம் அம்மா வீட்டில். அப்போது ஆள் வராவிட்டால், குதிரையோடு பழகாத அத்தையும் மாமாவும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். உங்கள் வீட்டில் கணவரோ கொழுந்தனோ குதிரையைக் கட்டி, குளம்பு தூக்கிச் சுத்தம் செய்யும் அளவுக்குப் பழகியவராக இருந்தால், நான் சொல்வதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. தயங்காமல் வீட்டிலேயே வையுங்கள்.

லாயத்தில் ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் இருக்கிறார். நான் கட்டும் பணத்தில் பெரும்பங்கு இதற்குத்தான். பையன் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் நடு ராத்திரி போன் வந்தது. குதிரை முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டு திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்க்கிறது, தீனி தொடவில்லை. குதிரைகளுக்கு வரும் கடும் வயிற்றுவலியான சூலை நோய். "அம்மிணி, காதை வெச்சுக் கேட்டேனுங்க, வயித்துல சத்தமே இல்லீங்க. டாக்டருக்குச் சொல்லியாச்சு. நீங்க பதறாதீங்க, நடத்தீட்டே இருக்கறனுங்க" என்றார் லாயத்து அண்ணன். நல்ல குதிரைக்கு வயிற்றில் குடலின் கடமுடச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அது அடங்கினால் ஆபத்து. மருத்துவர் வந்து வலிக்கு ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பாரஃபின் எண்ணெய் ஊற்றினார். விடிவதற்குள் லத்தி போட்டுவிட்டது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் சூலையைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. எங்கள் கொட்டகையில் அந்த நேரத்தில் யார் விழித்திருந்திருப்பார்கள்?

நடமாட்டம் அடுத்த காரணம். யாரும் ஏறாமல் மாதக்கணக்கில் நின்றே கிடக்கும் குதிரைக்குக் கால் வீங்கும், கொழுப்பு ஏறும், சூலை வரும் வாய்ப்பும் கூடும். லாயத்தில் தினமும் யாராவது நடத்துகிறார்கள். பயிற்சிக்கு என் குதிரையைப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதித்ததால் கட்டணமும் கொஞ்சம் குறைந்தது. அதற்கு நிபந்தனையை எழுதி வாங்குங்கள். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. என் குதிரைக்கு அது 70 கிலோ.

தீவனத்திலும் லாயமே மேல். எங்கள் பக்கம் சுலபமாகக் கிடைப்பது வைக்கோலும் நேப்பியர் புல்லும். வைக்கோலில் சத்து குறைவு. நேப்பியரில் ஆக்ஸலேட் இருப்பதால் அதையே முழுநேரத் தீனியாகக் கொடுத்தால் குதிரைக்குச் சுண்ணாம்புச் சத்து சேராமல் எலும்பு கெடும். லாயத்தில் குதிரைமசால், கடலைக்கொடி, ஊறவைத்த கொள்ளு என்று கலந்து கொடுக்கிறார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. செலவு கூடுதல்தான். ஆனால் ஆள் சம்பளம், தீவனம், லாடக்காரர் கூலி எல்லாம் கூட்டினால் வித்தியாசம் வெளியே தெரிவதைவிடக் குறைவு. பல குதிரைகள் கூடும் இடத்தில் சளி, இருமல் தொற்றும். குடற்புழு மருந்து எப்போது கொடுத்தார்கள், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு வெட்டினார்களா என்று நாம்தான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எல்லைக்காரர்களுக்கு இன்னொன்று: கோபாலபுரமோ வேலந்தாவளமோ தாண்டும்போது வண்டியில் கால்நடை மருத்துவரின் சான்றிதழ் இருக்க வேண்டும். கொண்டுபோகும்போது ஒருமுறை, திரும்பக் கொண்டுவரும்போது ஒருமுறை.

வாரத்துக்கு விடுவது மாட்டில் நமக்குப் பழகிய ஏற்பாடு. வளர்ப்பவர் தீனி போடுவார், கன்றில் பங்கு. பெட்டைக்குதிரையை அப்படி விட்டவர்களை அறிவேன். ஒருவருக்குக் குதிரை பளபளவென்று திரும்பி வந்தது, இன்னொருவருக்கு விலா எலும்பு தெரிய வந்தது. குதிரைக்குச் சினைக்காலமே 11 மாதம், குட்டி பால் மறக்க இன்னும் ஆறு மாதம். இவ்வளவு நாள் ஒருவரை நம்பி விட வேண்டும். நானே செய்து பார்த்ததில்லை, அதனால் வேண்டாம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். விற்பதானால் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தை இருக்கிறது. எனக்கு மனம் வரவில்லை.

குழந்தை நடக்கத் தொடங்கியதும் கணக்கு கொஞ்சம் மாறுகிறது, ஆனாலும் லாயத்தின் பக்கமே சாய்கிறது. குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருக்கின்றன. நேர் பின்னால் நிற்பதும், மூக்குக்குக் கீழே நிற்பதும் அதற்குத் தெரியாது. இரண்டு வயதுக் குழந்தை நிற்கும் உயரம் சரியாக அந்தத் தெரியாத இடம். வீட்டில் கொட்டகை இருந்தால் நாள் முழுக்கப் படலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். லாயத்துக்கு வாரம் ஒருமுறை பையனைக் கூட்டிப்போகிறேன். இடுப்பை விட்டு இறக்குவதில்லை. விரல்களைச் சேர்த்துத் தட்டையாக வைத்த உள்ளங்கையில் கேரட் வைத்து நீட்டக் கற்றுக்கொண்டிருக்கிறான். பெரிய குழந்தைகளையும் குதிரையையும் ஒரே வளாகத்தில் வைத்துப் பார்ப்பது எப்படி என்பதை, என்னைவிட அதைச் செய்தவர்கள் சொல்வதே சரி.

குதிரையை வீட்டுக்குக் கொண்டுவரும் எண்ணம் இருக்கிறது. அதற்கு என் கணக்கு ஒன்றுதான்: குதிரை தெரிந்தவர்கள் வீட்டில் இரண்டு பேராவது இருக்க வேண்டும், நான் அதில் சேர்த்தி இல்லை. கொழுந்தன் வாரக்கடைசியில் லாயத்துக்குப் போய்ப் பழகுகிறார். லத்தி அள்ளவும் தண்ணீர் காட்டவும் தேறிவிட்டார். பின்னங்கால் குளம்பைத் தூக்க இன்னும் கை நடுங்குகிறது.