மூணு குடம் தண்ணி: ஆறு வருஷ மீன் தொட்டி அனுபவம்

திருப்பூரில் வாடகை வீடு. ஹாலில் இரண்டடி மீன் தொட்டி, வாங்கி ஐந்து வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கிண்ணமும் ஓரடித் தொட்டியும் இருந்தன. அந்த இரண்டிலும் பட்ட பாட்டைச் சொன்னால்தான் இதன் அருமை தெரியும்.

கிண்ணம் 2019-ல் பாப்பா பிறந்தநாளுக்கு வாங்கியது. ஐந்து லிட்டர் பிடிக்கும். "ரெண்டு கோல்டு பிஷ் போடுங்க, வாரத்துக்கு ஒருக்கா தண்ணி மாத்துனாப் போதுமுங்க" என்றார் கடைக்காரர். ஒன்பதாம் நாள் இரண்டும் மிதந்தன. மீன் கழிவு அம்மோனியாவாகும். அதை நைட்ரைட்டாக்கி, பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நானோ ஏழாம் நாள் கிண்ணத்தைப் பாத்திரம் மாதிரித் தேய்த்துக் கழுவி, வந்திருந்த கொஞ்சநஞ்சத்தையும் சாக்கடைக்கு அனுப்பியிருந்தேன். போதாததற்கு, ஒழுங்காக வளர்த்தால் கோல்டு பிஷ் 15, 20 சென்டிமீட்டர் ஆகும், பத்து வருஷத்துக்கு மேலும் இருக்கும். அதைப் போய்க் கிண்ணத்தில் போட்டிருக்கிறோம்.

அடுத்தது ஓரடித் தொட்டி. கல், மேல் இடைவெளி போக 20 லிட்டர் நிற்கும். மூன்று ஜோடி கப்பி விட்டேன். கப்பி குட்டி போடும் இனம், மாசத்துக்கு ஒரு ஈத்து. ஆறே மாசத்தில் முப்பதைத் தாண்டிவிட்டது. எண்ணிக்கை ஏற ஏற எனக்குப் பெருமைதான். அந்தப் பெருமை ஒரு மே மாதப் பராமரிப்பு மின்தடையில் போனது. காலை ஒன்பது மணிக்கு நின்ற ஏர் பம்ப் மதியம் வரை ஓடவில்லை. தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். சின்னத் தொட்டி சீக்கிரம் சூடேறும். கம்பெனியிலிருந்து சாப்பிட வந்தபோது எல்லாம் மேலே வாயைப் பிளந்துகொண்டிருந்தன. பதினொன்று செத்துவிட்டது.

அந்த வாரமே இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் தொட்டி சொன்னேன். கணக்குப்படி 56 லிட்டர், நிஜத்தில் 45. எங்கள் பிளாஸ்டிக் குடத்தில் மூணு குடம். கடையில் இதே கொள்ளளவில் ஒடுக்கமான உயரத் தொட்டியும் காட்டினார்கள், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் காற்று தண்ணீரில் கலப்பது மேற்பரப்பு வழியாக. அதனால் நீளத்தொட்டியையே எடுத்தேன்.

மூன்றடி எடுத்திருக்கலாமே என்று மச்சான் இன்றும் கேட்கிறார். பெருந்தொட்டியில் தண்ணீர் மெதுவாகத்தான் கெடும், வாஸ்தவம். ஆனால் அவர் பல்லடத்தில் சொந்த வீட்டுக்காரர். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், உயரம் என்றால் 190 லிட்டர். வாரம் கால்வாசி மாற்ற மூணு குடத்துக்கு மேல் வேண்டும். எங்கள் தெருவில் ஆத்துத் தண்ணி வருவதே எட்டு, பத்து நாளைக்கு ஒருமுறை. எனக்கு வாரம் முக்கால் குடம் போதும். அதற்கே அம்மா, "மீனுக்கு ஊத்தற தண்ணில ரெண்டு நாளைக்குச் சோறாக்கலாம் கண்ணு" என்பார். ஒரு நல்லது, டிரம்மில் நாள்கணக்காகக் கிடக்கும் தண்ணீரில் குளோரின் தானாகப் பறந்துவிடுகிறது. எடுக்கும் அழுக்குத் தண்ணீர் கருவேப்பிலைச் செடிக்கு.

முழுக்க போர் தண்ணி ஊற்றலாமா? எங்களுடையதில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1400. கப்பி, மோலி, பிளாட்டிக்குக் கடினத் தண்ணீர் ஒத்துப்போகும். நியான் டெட்ரா மாதிரி மென்தண்ணீர் மீனுக்கு ஆகாது. நான் பாதிக்குப் பாதி கலக்கிறேன். ஆனால் வெயிலில் வற்றும் அளவை ஈடுகட்ட மட்டும் ஆத்துத் தண்ணிதான். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கும். அதன்மேல் போர் தண்ணியே ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். கண்ணாடியில் விழும் வெள்ளைக் கோடு இத்தனைக்கும் போவதில்லை, எலுமிச்சை மூடியால் தேய்த்தால் மங்கும்.

இப்போது இருப்பது பத்து ஆண் கப்பி, நாலு ஆண் பிளாட்டி. பெண்ணே வேண்டாம் என்று முடிவு. பழைய தொட்டியின் ஸ்பான்ஜ் பில்டரையே இதில் போட்டதால் நுண்ணுயிர் கூடவே வந்துவிட்டது. அதைக் குழாயடியில் கழுவாமல், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிகிறேன். கடைகளில் விரல் நீளத்தில் கிடைக்கும் 'ஷார்க்' ஒரு மீட்டர் வரை வளரும் கெளுத்தி வகை, ஆஸ்கர் ஓரடி வரும். பாப்பா கேட்டாலும் வாங்குவதில்லை. ஒரு கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) ஓர் அங்குல மீன் என்ற கணக்கும் கப்பி போன்ற பொடி மீனுக்குத்தான். பத்து அங்குல மீன் ஒன்று, ஓரங்குல மீன் பத்துக்குச் சமமாகாது.

நிரம்பிய தொட்டி 60 கிலோவைத் தாண்டும். முதல் மாடி என்பதால் சுவரோரமாக, அடியில் தெர்மாகோல் போட்டு வைத்தேன். போன வருஷம் வீடு மாறியபோது மூணு குடத்தில் தண்ணியோடு மீனைப் பிரித்துக்கொண்டு, கல் கழுவாமல் வாளியில், வெறும் தொட்டி என் மடியில் என்று ஒரே நடையில் டாடா ஏஸில் கொண்டுபோய்விட்டோம். ஒன்றும் சாகவில்லை.