ஷின்கான்சென்: பூஜ்யத்துக்கு எத்தனை மதிப்பெண்?

ஜப்பானின் அதிவேக ரயிலான ஷின்கான்சென் 1964 அக்டோபர் 1-ம் தேதி ஓடத் தொடங்கியது. அன்று முதல், தடம் புரண்டோ மோதியோ அதில் ஒரு பயணிகூட இறந்ததில்லை. ரயில் பாதுகாப்பு என்று பேச்செடுத்தாலே எல்லோரும் எடுத்துக்காட்டும் பூஜ்யம் இது. பொய்யில்லை. ஆனால் 'தடம் புரண்டோ மோதியோ' என்பதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. 1995-ல் மிஷிமா நிலையத்தில் கதவில் கை சிக்கிய மாணவர் ஒருவர் ரயிலோடு இழுபட்டு இறந்தார். 2015-ல் ஓடும் ரயிலில் ஒருவர் தீக்குளித்தபோது இன்னொரு பயணியும் இறந்தார். 2018-ல் பெட்டிக்குள் நடந்த கத்திக்குத்தில் ஒருவர் இறந்தார். மூன்றுமே அந்தக் கணக்கில் வராது. எந்த ரயில்வேயின் விபத்துப் பட்டியலைப் பிரித்தாலும், எதை விபத்து என்று எண்ணியிருக்கிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இந்தப் பூஜ்யத்தில் பெரும்பங்கு பாதை அமைப்புக்கும் கருவிகளுக்கும் சேர வேண்டியது. முழு அளவு ஷின்கான்சென் பாதையில் லெவல் கிராசிங்கே கிடையாது. (யமகதா, அகிதா கிளைகள் பழைய பாதையைத் திருத்தி எடுத்தவை, அங்கே உண்டு.) அனுமதித்த வேகம் ஓட்டுநரின் அறைக்குள்ளேயே தெரியும், மீறினால் பிரேக் தானாகப் பிடிக்கும். நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ரயில் ஓடாது, அந்த நேரம் முழுவதும் பராமரிப்புக்கு. நிலநடுக்க அலை எட்டியதும் மின்சாரம் அறுந்து ரயில் நிற்கத் தொடங்கும். 2004-ல் சூயெட்சு நிலநடுக்கத்தில் சுமார் 200 கி.மீ. வேகத்தில் வந்த ரயில் தடம் புரண்டது. 2022-ல் ஃபுகுஷிமா நிலநடுக்கத்தில் இன்னொன்று. இரண்டு ரயிலிலும் உயிரிழப்பு இல்லை. இந்த அளவுக்குப் பாதையும் கருவியும் காவல் நிற்கும் இடத்தில், ஓட்டுநருக்குத் தந்த பயிற்சி தேறுமா என்பது சோதனைக்கே வருவதில்லை. அதைப் பார்க்க, அதே நாட்டின் சாதாரணப் பாதைக்கு இறங்க வேண்டும்.

2005 ஏப்ரல் 25, அமகசாகி. ஜே.ஆர். வெஸ்ட் நிறுவனத்தின் புறநகர் ரயில், 304 மீட்டர் ஆரமுள்ள வளைவுக்குள் 116 கி.மீ. வேகத்தில் நுழைந்தது. அங்கே அனுமதி 70. ரயில் கவிழ்ந்து அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. 106 பயணிகளும் ஓட்டுநரும் இறந்தார்கள். ஓட்டுநருக்கு வயது 23, அனுபவம் 11 மாதம். சற்று முன்புதான் இதாமி நிலையத்தில் நடைமேடையைத் தாண்டிப் போய் நிறுத்தியிருந்தார். தாண்டிய தூரத்தைக் குறைத்துச் சொல்லும்படி கார்டைக் கேட்டுக்கொண்டார். கார்டு கண்ட்ரோல் அறையுடன் ரேடியோவில் பேசியதில் ஓட்டுநரின் கவனம் போய், பிரேக் பிடிக்கத் தாமதமாகியிருக்கலாம் என்பது விசாரணை ஆணையத்தின் முடிவு. வேகத்தைக் கட்டுப்படுத்தும் புதிய கருவி அந்த வளைவில் இன்னும் பொருத்தப்படவில்லை.

ஒரு சின்னத் தவறை மறைக்க ஓட்டுநருக்கு இத்தனை பயம் எதற்கு? 'நிக்கின் கியோயிக்கு' என்ற மறுபயிற்சிதான் காரணம். பெயர்தான் பயிற்சி. நாள் முழுக்க மன்னிப்பு அறிக்கை எழுத வைப்பது, மேலதிகாரிகள் மாறி மாறித் திட்டுவது, களை பிடுங்க விடுவது என்றெல்லாம் அதில் நடந்தது. இந்த ஓட்டுநர் முந்தைய ஆண்டு நடைமேடையைத் தாண்டி நிறுத்தியதற்காக 13 நாள் அதை அனுபவித்தவர். பிரேக்கை எங்கே, எப்படிப் பிடிப்பது என்பதை விட, தவறை எப்படி மறைப்பது என்பதையே இப்படிப்பட்ட வகுப்பு கற்றுக்கொடுக்கும். மறைத்த தவறு புள்ளிவிவரத்தில் வராது. ஏடு சுத்தமாகவே இருக்கும்.

ஜே.ஆர். வெஸ்ட் சான்யோ ஷின்கான்சென்னையும் ஓட்டுகிறது. 2017 டிசம்பர் 11 அன்று ஹகாட்டாவிலிருந்து டோக்கியோவுக்குக் கிளம்பிய நொசோமி 34 ரயிலில் பெட்டிக்கு அடியில் இரைச்சலும் கருகிய வாடையும் வந்தன. ஒகயாமாவில் ஏறிய பராமரிப்பு ஊழியர், ஷின்-ஒசாகாவில் நிறுத்திப் பார்க்கலாம் என்ற கருத்தைத் தொலைபேசியில் சொன்னார். கண்ட்ரோலில் இருந்தவரின் காதில் அது சரியாக விழவில்லை. கண்ட்ரோலில் இருப்பவர் நிறுத்தச் சொல்வார் என்று ஊழியரும், நிறுத்தும் அளவுக்கு இருந்தால் ஊழியர் சொல்வார் என்று கண்ட்ரோலில் இருந்தவரும் இருந்துவிட்டார்கள். ரயில் நகோயா வரை ஓடியது. சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தின் அடித்தகடு 16 செ.மீ. அகலமும் பிளந்திருந்தது. 17 செ.மீ. உயரப் பக்கத்தகட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது 3 செ.மீ. மட்டும். 7 மி.மீ. இருக்க வேண்டிய அடித்தகட்டைத் தயாரிப்பின்போதே 4.7 மி.மீ. வரை தேய்த்திருந்தார்கள். ஆண்டறிக்கையின் உயிரிழப்புக் கட்டத்தில் அன்றைக்கும் பூஜ்யம்தான்.

ஆகவே, ஒரு ரயில்வேயை எடைபோட உயிரிழப்பு எண்ணிக்கை போதாது. ஒரே காலையில் 107 பேர் போனால் பத்தாண்டுச் சராசரியே புரண்டுவிடும்; அதற்கு முந்தைய ஆண்டுகளின் நல்ல எண்கள் எதையும் எச்சரிக்கவில்லை. சிவப்பு சிக்னலைத் தாண்டியது, நடைமேடையைத் தாண்டி நின்றது, தண்டவாள விரிசல், கதவுக் கோளாறு ஆகிய சின்னச் சின்னக் கணக்குகளை 10 லட்சம் ரயில்-கிலோமீட்டருக்கு எத்தனை என்று பாருங்கள். தண்டனையை விலக்கிய மறு ஆண்டு இவை ஏறினால் பதற வேண்டாம். அதுவரை மறைந்திருந்தவை வெளியே வருகின்றன என்றே பெரும்பாலும் பொருள். மாறாக, நிலையத்துக்கு நிலையம் எண் ஒரேயடியாகக் குறைவாக இருந்தால் சந்தேகப்படலாம்.

பயிற்சியில் ஜப்பான் தரும் நல்ல பாடம், விரலால் சுட்டி வாயால் சொல்லும் வழக்கம். சிக்னலைச் சுட்டி அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். பார்க்கிறவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் சோதனையில் 100 செயலுக்கு 2.38 ஆக இருந்த பிழை, இதைச் செய்தபோது 0.38 ஆக இறங்கியது. செலவு ஒன்றுமில்லை. சிமுலேட்டர் வாங்கியிருக்கிறோம் என்று பெருமை பேசும் நிர்வாகத்திடம் வேறொன்று கேட்க வேண்டும்: சந்தேகம் வந்த மாத்திரத்தில், யாரையும் கேட்காமல் ரயிலை நிறுத்த எந்தெந்த ஊழியருக்கு அதிகாரம் உண்டு? அதை எத்தனை முறை ஒத்திகை பார்த்திருக்கிறார்கள்?

ஜப்பான் ரயில்வேக்கு என் மதிப்பெண் இது: கட்டமைப்புக்கு ஐந்துக்கு ஐந்து. பணியாளர் பயிற்சிக்கு மூன்றரை. மனிதத் தவறுக்குத் தண்டனை இல்லை என்று ஜே.ஆர். வெஸ்ட் 2016-ல் அறிவித்தது, அதனால் அரை மதிப்பெண் கூடியது. இல்லாவிட்டால் மூன்றுதான். பராமரிப்புக்கு நான்கு. 2024 செப்டம்பரில் 315 கி.மீ. வேகத்தில், ஒன்றோடொன்று இணைத்து ஓட்டிய ஹயபுசா, கொமாச்சி ஷின்கான்சென் ரயில்கள் இணைப்பு விட்டுப் பிரிந்தன. ஆறு மாதத்துக்குள், 2025 மார்ச்சில், அதே வகை ஜோடி மீண்டும் பிரிந்தது. இரண்டு முறையும் யாருக்கும் காயமில்லை.