சர்வர் அறை எச்சரிக்கைகளுக்கு எந்த விட்ஜெட்? வி-சென்டர், ஆரியா, கிராஃபானா, ஜாபிக்ஸ்: ஓர் ஒப்பீட்டு அலசல்

மதுரையை அடுத்த கப்பலூர்ப் பக்கம் உள்ள ஒரு நூற்பாலையின் கணினிப் பிரிவில் பணியாற்றுகிறேன். மூன்று வி.எம்.வேர் ஹோஸ்ட்களில் நாற்பதுக்குச் சற்றுக் குறைவான மெய்நிகர் சர்வர்களும், தனியே இரண்டு பிராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்ட்களில் ஒரு டஜன் சர்வர்களும் ஓடுகின்றன. ஹோஸ்ட் என்பது மென்பொருளால் உருவாக்கிய பல சர்வர்களைத் தன்மேல் ஓட்டும் அசல் கணினி; வி.எம்.வேர், பிராக்ஸ்மாக்ஸ் இரண்டும் அதற்கான மென்பொருள்கள். கணக்கு, வருகைப் பதிவு, கிடங்கு இருப்பு, ரிங் ஃபிரேம் என்னும் நூற்பு இயந்திரங்களிலிருந்து வரும் உற்பத்திப் பதிவு எல்லாம் இவற்றை நம்பியே இருக்கின்றன. ஆலை மூன்று ஷிப்டும் ஓடும். எங்கள் பிரிவில் மூன்று பேர்தான். எச்சரிக்கைகளைக் கையாள நான்கு வழிகளை முயன்று பார்த்துவிட்டு, ஜாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளின் டாஷ்போர்டில் (நிலவரத்தை ஒரே பார்வையில் காட்டும் திரை) உள்ள ‘ப்ராப்ளம்ஸ்’ விட்ஜெட்டைத் தேர்ந்தெடுத்தேன். விட்ஜெட் என்பது அந்தத் திரையில் ஒரு வகைத் தகவலைக் காட்டும் கட்டம். அதன் பக்கம் சாய்ந்துதான் இதை எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தேடலைத் தொடங்கி வைத்தது ஒரு சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்கும் நாள் என்பதால் அலுவலகத்துக்கு உள்ளூர் விடுமுறை. உற்பத்தி மட்டும் நடந்துகொண்டிருந்தது. முற்பகலில் சர்வர் அறையின் இரண்டு ஏ.சி.க்களில் ஒன்று நின்றுவிட்டது. ஹோஸ்ட்களின் வெப்ப உணரிகள் எச்சரித்தன, வி.எம்.வேர் ஹோஸ்ட்களை நிர்வகிக்கும் வி-சென்டர் மூன்று பேருக்கும் மின்னஞ்சல் அனுப்பியது, மூவரும் அதைக் கைபேசியில் பார்க்கவும் செய்தோம். ஆனால் ஒவ்வொருவரும் மற்ற இருவரில் ஒருவர் ஆலைக்குக் கிளம்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டோம். பிற்பகலில் ஒரு ஹோஸ்ட் சூடு தாங்காமல் தானே அணைந்தது. அதிலிருந்த சர்வர்களை ஹெச்.ஏ. வசதி மற்ற இரண்டு ஹோஸ்ட்களில் மீண்டும் எழுப்பியதால், அவற்றில் நினைவகம் போதாமல் எல்லாமே மந்தமாகிவிட்டன. மறுநாள் எங்கள் பிரிவின் இளையவர், “அண்ணே, நீங்க பார்த்துக்கிட்டிருக்கீங்கன்னு நினைச்சேன்” என்றார். நானும் அவரைப் பற்றி அப்படியேதான் நினைத்திருந்தேன்.

ஆகவே எச்சரிக்கை வந்து சேர்வதில் எங்களுக்குக் குறை இருக்கவில்லை. அதை யார் கையில் எடுத்திருக்கிறார் என்பதும், எடுத்த பிறகு அது எப்போது, எப்படிப் பட்டியலைவிட்டு நீங்கும் என்பதும் எங்கும் தெரியவில்லை. எல்லாக் கருவிகளும் சிவப்பு, மஞ்சள் காட்டும், எல்லாமே மின்னஞ்சல் அனுப்பும். அவற்றைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. பட்டியலைப் பராமரிக்க எவ்வளவு கைவேலை ஆகிறது என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் நான்கையும் அளந்தேன்.

முதலில் வி-சென்டரின் சொந்த அலாரங்கள். கூடுதல் செலவில்லை, நிறுவ வேண்டியதும் இல்லை. டேட்டாஸ்டோர் (மெய்நிகர் சர்வர்களின் கோப்புகள் இருக்கும் சேமிப்பிடம்) 75 விழுக்காடு நிறைந்தால் மஞ்சள், 85 விழுக்காட்டில் சிவப்பு என்பன போன்ற அளவுகள் தொடக்கத்திலேயே வைக்கப்பட்டிருக்கும். ‘அக்னாலெட்ஜ்’ செய்யும், அதாவது பார்த்துவிட்டேன் என்று குறிக்கும், வசதியும் உண்டு. செய்தால் அந்த அலாரத்தின் தொடர் நடவடிக்கைகள் நிற்கும், அலாரம் நீங்காது. ஓர் அளவு ஏறி இறங்குவதைப் பொறுத்த அலாரங்கள், அளவு இறங்கியதும் தாமே பச்சையாகும். ஒரு நிகழ்வைப் பொறுத்து எழுபவை பலவற்றை ஒருவர் உட்கார்ந்து ‘ரீசெட் டு கிரீன்’ கொடுத்தால்தான் போகும். அப்படித் துடைக்காமல் விட்ட பழைய சிவப்புகளுக்கு நடுவே புதிய சிவப்பு கண்ணில் படுவதில்லை என்பதை நாங்கள் நன்றாக அனுபவித்தோம். வி-சென்டரும் அதே ஹோஸ்ட்களில் ஒன்றின் மேல் ஓடும் மெய்நிகர் சர்வர்தான் என்பது இன்னொரு சிக்கல். அது குடியிருக்கும் ஹோஸ்ட் விழுந்தால், வேறோரிடத்தில் எழுந்து வரும்வரை எச்சரிக்க ஆளில்லை. பிராக்ஸ்மாக்ஸ் பக்கத்தையும் அது பார்க்காது.

இரண்டாவது, வி.எம்.வேரின் கண்காணிப்பு மென்பொருள்; முன்பு வி-ரியலைஸ் ஆப்பரேஷன்ஸ் என்றும் 2022 முதல் ஆரியா ஆப்பரேஷன்ஸ் என்றும் அழைக்கப்பட்டது. விட்ஜெட் என்ற அளவில் நான்கிலும் முழுமையானது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். அதன் ‘அலர்ட் லிஸ்ட்’ விட்ஜெட்டில் எச்சரிக்கையை ஒருவர் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம், சிறிது நேரத்துக்கு நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். ஒரு விட்ஜெட்டில் ஹோஸ்டைத் தொட்டால் பக்கத்து விட்ஜெட் அந்த ஹோஸ்டின் எச்சரிக்கைகளை மட்டும் வடிகட்டிக் காட்டும்படி இணைக்கவும் முடியும். மெய்நிகர் சர்வர் ஹோஸ்ட் விட்டு ஹோஸ்ட் மாறினாலும், எது எதன் மேல் இருக்கிறது என்ற உறவு அறுந்துபோவதில்லை. ஆனால் தரவைத் திரட்டுவது இயல்பாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான். மிகச் சிறிய அளவில் நிறுவினாலும் அதற்கே 8 ஜி.பி. நினைவகம் ஒதுக்க வேண்டும். அதைவிடப் பெரிய தடை உரிமம். பிராட்காம் நிறுவனம் 2023 நவம்பரில் வி.எம்.வேரை வாங்கிய பிறகு நிரந்தர உரிமங்கள் நின்று எல்லாம் சந்தாவாகிவிட்டன. ஆரியா பெரிய தொகுப்புகளோடு சேர்ந்து வருகிறது. எங்களைப் போல் அடிப்படைப் பதிப்பு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அது எட்டவில்லை. சோதனை உரிமத்தில் சில வாரங்கள்தான் ஓட்டினேன். நூற்றுக்கணக்கான ஹோஸ்ட்கள் உள்ள இடத்தில் அது எப்படி உழைக்கும் என்பதற்கு என் அனுபவத்தைச் சாட்சியாகக் கொள்ள வேண்டாம்.

மூன்றாவது, தரவை வரைபடங்களாகக் காட்டும் கிராஃபானா. அழகில் இதற்கு ஈடில்லை. மேலாளர் அறையில் மாட்டியிருக்கும் திரையில் இன்றும் அதுதான் ஓடுகிறது. எச்சரிக்கைப் பட்டியல் விட்ஜெட்டும் இருக்கிறது. ஆனால் என் கேள்விக்கு அது பதில் தரவில்லை. எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டதாகக் குறிக்கும் வசதி அந்தப் பட்டியலில் இல்லை, ‘சைலன்ஸ்’ மட்டுமே உண்டு. சைலன்ஸ் போட்டால் அறிவிப்பு அனுப்புவது நிற்கும். விதி தொடர்ந்து இயங்கும், எச்சரிக்கையும் திரையில் அப்படியே எரிந்துகொண்டிருக்கும். பார்ப்பவருக்கு அது புதிதா, ஒருவர் கவனித்துக்கொண்டிருப்பதா என்று தெரியாது. பராமரிப்பிலும் ஒரு கசப்பு உண்டு. பழைய எச்சரிக்கை முறை 2024-இல் வந்த 11-ஆம் பதிப்போடு நீக்கப்பட்டது, ஆங்குலர் என்ற நிரல் சட்டகத்தில் எழுதிய பழைய பேனல்கள் (விட்ஜெட்டுக்குக் கிராஃபானாவில் உள்ள பெயர்) 12-ஆம் பதிப்பில் இயங்கா. ஆர்வத்தில் அங்கங்கே எடுத்துச் செருகியிருந்த விட்ஜெட்களுள் பலவற்றை நான் மறுபடி கட்ட வேண்டியதாயிற்று.

இனி ஜாபிக்ஸ். லாட்வியாவில் அலெக்ஸேய் விளாடிஷெவ் தொடங்கிய இந்தக் கருவி 2001 முதல் பொதுவில் கிடைக்கிறது. உரிமக் கட்டணம் இல்லை. வி-சென்டரில் படிக்க மட்டும் அனுமதியுள்ள ஒரு கணக்கைக் கொடுத்தால், ஹோஸ்ட்கள், டேட்டாஸ்டோர்கள், மெய்நிகர் சர்வர்கள் எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். அமைப்புக் கோப்பில் வி.எம்.வேர் சேகரிப்பான்களின் (தரவைத் திரட்டும் துணை நிரல்கள்) எண்ணிக்கை தொடக்கத்தில் பூஜ்யமாக இருக்கும். அதை ஒன்றுக்கு மேல் உயர்த்தி, சர்வீஸை மீண்டும் தொடங்கினால்தான் எதுவும் நகரும். இது தெரியாமல் அரை நாள் போனது. பிராக்ஸ்மாக்ஸுக்கும் அதிகாரப்பூர்வ டெம்ப்ளேட் (ஆயத்தக் கண்காணிப்பு அமைப்பு) உண்டு என்பதால் இரண்டு உலகமும் ஒரே பட்டியலுக்குள் வந்துவிட்டன. இதை நாங்கள் இந்த ஹோஸ்ட்களுக்கு வெளியே தனியான ஒரு சிறிய கணினியில் வைத்திருக்கிறோம். எது விழுந்தாலும் இது விழித்திருக்க வேண்டும்.

விட்ஜெட்டின் ஒவ்வொரு வரியிலும் நேரம், எந்த ஹோஸ்ட், என்ன சிக்கல், எவ்வளவு நேரமாக இருக்கிறது என்பவற்றோடு ‘அப்டேட்’ என்ற இணைப்பும் இருக்கும். அதைத் தொட்டால் ஒரு சிறு சாளரம் திறக்கும். அங்கேயே குறிப்பு எழுதலாம், ஏற்றுக்கொண்டதாகக் குறிக்கலாம், தீவிரத்தை மாற்றலாம், இத்தனை மணிவரை மறைத்து வை என்று சொல்லலாம். டாஷ்போர்டில் இதே விட்ஜெட்டை இரண்டு முறை பக்கம் பக்கமாக வைத்திருக்கிறேன். இடப்பக்கம் யாரும் ஏற்காதவை, வலப்பக்கம் ஏற்கப்பட்டவை. 7.0 பதிப்பில் இந்த வடிகட்டலை விட்ஜெட் அமைப்பிலேயே தேர்ந்தெடுக்கலாம். ஒருவர் ஏற்றதும் வரி இடமிருந்து வலத்துக்குப் போய்விடுகிறது. சுட்டியை அதன் மேல் வைத்தால் யார், எத்தனை மணிக்கு, என்ன எழுதினார் என்பது தெரிகிறது. “ஏ.சி. மெக்கானிக்கிடம் சொல்லியாயிற்று, 11 மணிக்கு வருகிறார்” என்ற ஒரு வரி அந்தத் திருவிழா நாளில் இருந்திருந்தால், அந்த ஹோஸ்ட் அணையும்வரை விட்டிருக்கமாட்டோம்.

பட்டியல் தானே சுருங்குவதும் இங்கே எளிது. இரவு ஒரு மணிக்கு பேக்கப் மென்பொருள் ஸ்னாப்ஷாட் (சர்வரின் அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுக்கும்போது எங்கள் டேட்டாஸ்டோர் ஒன்று 85 விழுக்காட்டைத் தொட்டுத் தொட்டு இறங்கும். ஒவ்வொரு தொடுகைக்கும் ஓர் எச்சரிக்கை, ஒரு மீட்பு. ஜாபிக்ஸில் சிக்கல் தொடங்கும் விதியையும் தீரும் விதியையும் தனித்தனியே எழுதலாம். 85-ஐத் தாண்டினால் எழு, 80-க்குக் கீழே இறங்கினால் மட்டும் தீர் என்று எழுதியதும் அந்தச் சலசலப்பு ஓய்ந்தது. சிபியு ரெடிக்கும் (மெய்நிகர் சர்வர் தயாராக இருந்தும் சிபியு கிடைக்காமல் காத்திருக்கும் நேரம்) அப்படியே. இருபது விநாடி அளவீட்டில் 1000 மில்லி விநாடி என்றால் 5 விழுக்காடு. ஒருமுறை தாண்டினால் பொருட்படுத்தாமல், தொடர்ந்து பத்து நிமிடம் தாண்டினால் மட்டும் எழும்படி வைத்தேன். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவிக்கப்படும் நாளில், அந்த நேரத்தை முன்கூட்டியே பராமரிப்புக் காலமாகப் பதிந்துவிடுகிறோம். தரவு சேர்ந்துகொண்டே இருக்கும், பட்டியல் மட்டும் நிரம்பாது.

இதன் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு ஹோஸ்ட் விழுந்தால் அதன் மேலிருந்த பன்னிரண்டு சர்வர்களுக்கும் தனித்தனி எச்சரிக்கை வரும். ஒன்றை மற்றொன்றுக்குக் கட்டுப்பட்டதாக ஜாபிக்ஸில் அமைக்கலாம் என்றாலும், அந்தக் கட்டு நிலையானது. மெய்நிகர் சர்வர்களோ வி-மோஷனில் (ஓடும்போதே சர்வரை வேறு ஹோஸ்டுக்கு மாற்றும் வசதி) இன்று ஒரு ஹோஸ்ட், நாளை மற்றொன்று என்று இடம் மாறுபவை. ஆரியா இயல்பாகச் செய்வதை இங்கே கைவேலையாகச் செய்கிறோம். 6.4 பதிப்பு முதல் ஒன்றை மூலகாரணமாக விட்டு, மற்றவற்றை அதன் அறிகுறிகளாகக் குறிக்க முடிகிறது. குறித்ததும் விட்ஜெட்டில் அவை மூலகாரணத்தின் கீழ் மடங்கிவிடும். பன்னிரண்டு வரிக்கு இது போதும். இருநூறு வரி வந்தால் போதுமா என்று எனக்குச் சோதித்துப் பார்க்க வாய்ப்பில்லை.

மேம்படுத்தும் வேலையைப் பொறுத்தவரை, நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்து ஆண்டுகள் ஆதரவு உண்டு. 6.0-இலிருந்து 7.0-க்கு மாறியபோது இந்த விட்ஜெட்டில் நான் தொட வேண்டியிருந்தது வடிகட்டலை மட்டுமே. தரவுத்தளம் வளர்வதைத்தான் அவ்வப்போது கவனிக்க வேண்டும். பழைய பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்று முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிடுவது நல்லது.

முழுதும் வி.எம்.வேர் மட்டுமே வைத்திருந்து, உங்கள் சந்தாத் தொகுப்பில் ஆரியா ஏற்கெனவே இருக்குமானால், ஜாபிக்ஸைத் தேடி வர வேண்டியதில்லை; பணம் கட்டியதை முதலில் பயன்படுத்திப் பாருங்கள். ஹோஸ்ட் ஒன்றோ இரண்டோதான், பார்ப்பவரும் ஒருவர்தான் என்றால், வி-சென்டர் அலாரங்களை வாரம் ஒருமுறை துடைத்து வைத்தாலே போதும். இரண்டு வகை ஹோஸ்ட்களும், ஷிப்டுக்கு ஒருவராக மாறி மாறிப் பார்க்கும் சிறு குழுவும் உள்ள இடங்களுக்குத்தான் நான் ஜாபிக்ஸைச் சொல்கிறேன். நிறுவும் முதல் நாளே மூவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு உருவாக்கிவிடுங்கள். நாங்கள் தொடக்கத்தில் ஒரே பொதுக் கணக்கைப் பயன்படுத்தியதால், வலப்பக்கப் பட்டியலில் எல்லா வரியிலும் ஒரே பெயர்தான் இருந்தது.