நீலகிரி டீ ஃபாக்டரிக்கு ஆர்சிஸ்லாக்: போட்டபடியே விட்டால் ஆகாது

டிரையரின் சூட்டையும், இலையை வாட்டும் விதரிங் தொட்டியின் ஈரத்தையும் படிக்கிற சின்ன நிரல் ஒன்று ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினியில் (இனி ‘பை’) ஓடுகிறது. அது சொல்வதை அலுவலகக் கணினியில் சேர்க்க வேண்டும். குன்னூர், கோத்தகிரி பக்கம் இந்த வேலைக்கு, நிரல்களின் செய்திகளைச் சேகரித்து அனுப்பும் ஆர்சிஸ்லாக் என்ற மென்பொருள் போதுமா? தாராளமாகப் போதும், காசும் இல்லை. ஆனால் அதன் இயல்பான அமைப்பு, கரண்டும் லைனும் நிற்காத ஊருக்கானது. வடகிழக்குப் பருவமழையில் மரம் சாய்ந்து இரண்டும் சேர்ந்து போகிற மலையில், ஐந்தாறு வரிகளை மாற்றாமல் இதை நம்பக் கூடாது.

இதன் மூலமான சிஸ்லாக், 1980-களில் எரிக் ஆல்மன் சென்ட்மெயில் என்ற அஞ்சல் மென்பொருளுக்காக எழுதியது. ஆர்சிஸ்லாக் 2004-ல் ரெய்னர் கெர்ஹார்ட்ஸ் தொடங்கியது. பையின் இயங்குதளத்துக்கு அடிப்படையான டெபியன் லினக்ஸின் 12-ஆம் பதிப்பு முதல் இது தானாக நிறுவப்படுவதில்லை. புதிய பையில் சிஸ்லாக் கோப்பையே காணோமே என்று தேடுவதற்குக் காரணம் இதுதான். மென்பொருள் நிறுவும் ஆப்ட் கட்டளை வழியாகத் தனியே நிறுவினால் வந்துவிடும்.

முதல் சறுக்கல் நிரலிலேயே இருக்கிறது. பைத்தான் மொழியில் செய்தியை சிஸ்லாக்குக்கு அனுப்பும் சிஸ்லாக்ஹேண்ட்லருக்கு முகவரி கொடுக்காவிட்டால், அதே கணினியின் 514-ஆம் யூடிபி போர்ட்டுக்கு அனுப்பும் (யூடிபி, போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத அனுப்புமுறை). டெபியனில் அந்தப் போர்ட்டை யாரும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. பிழையும் வராது, செய்தியும் வராது. டெவ் அடைவில் உள்ள லாக் சாக்கெட்டை முகவரியாகக் கொடுத்தால் தீர்ந்தது. சி மொழியில் எழுதுபவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். சிஸ்லாக்கைத் திறக்கும் ஓபன்லாக் அழைப்பு வாங்கும் நிரல் பெயர்ச்சரம் நகலெடுக்கப்படுவதில்லை, சுட்டி மட்டுமே வைத்துக்கொள்ளப்படுகிறது. அந்த நினைவகத்தை விடுவித்தால் பெயர் இருக்கும் இடத்தில் குப்பை வரும். அடுத்து, சென்சாரிலிருந்து வந்த சரத்தை சிஸ்லாக் அழைப்பின் வடிவச் சரமாகவே கொடுத்துவிடக் கூடாது. அதில் ஒரு சதவீதக் குறி இருந்தால் போதும், நிரல் விழுந்துவிடலாம். சதவீதம்-எஸ் போட்டு அனுப்புங்கள்.

சொந்த நிரல்களுக்கு லோக்கல்0 முதல் லோக்கல்7 வரை எட்டு ஃபெசிலிட்டிகள் (செய்தி எந்த வகை நிரலிலிருந்து வருகிறது என்ற குறிகள்) ஒதுக்கப்பட்டுள்ளன. லோக்கல்0-வின் எண் 16, எரர் நிலையின் எண் 3. 16 × 8 + 3 என்று கணக்கிட்டு, செய்தியின் தலையில் 131 என்று போகும். பாக்கெட்டைப் பிடித்துப் பார்க்கும்போது இந்தக் கணக்கு உதவும். அமைப்புக் கோப்பில் வார்னிங் என்று எழுதினால் வார்னிங்கும் அதைவிடக் கடுமையானவையும் சேர்ந்து வரும், அது மட்டும் அல்ல. ஐந்து நொடிக்கு ஒரு வெப்ப அளவை இதில் கொட்டுவது வீண். அளவு எல்லை தாண்டினால், சென்சார் பதில் சொல்லாவிட்டால், நிரல் எழுந்தால் அல்லது நின்றால் எழுதுங்கள். அளவுகளுக்குத் தரவுத்தளம் இருக்கிறது.

செய்தியைத் தமிழில் எழுதலாமா? எழுதலாம், இயல்பான அமைப்பில் ஆர்சிஸ்லாக் சிதைப்பதில்லை. யூடிஎஃப்-8-ல் ‘க’வுக்கு 3 பைட், ‘கு’வுக்கு 6. சிஸ்லாக் செய்தி வடிவத்தைச் சொல்லும் பழைய ஆவணமான ஆர்எஃப்சி 3164 மொத்தச் செய்திக்கு 1024 பைட் என்று வரம்பு வைத்தது. ஆர்சிஸ்லாக் இயல்பாகவே 8 கிலோபைட் வரை வாங்கும். நிரல் பெயரை மட்டும் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் 32-க்குள் முடித்துக்கொள்ளுங்கள். பல வரிச் செய்தி அனுப்பினால் வரி முறியும் இடத்தில் #012 என்று நிற்கும்.

இனி லைன் போகிற விஷயம். இணைப்பு ஏற்படுத்தி அனுப்பும் டிசிபி முறை வழியாக அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லி ஒற்றை வரியோடு விட்டால், எதிர்முனை கிடைக்காத நேரத்துச் செய்திகள் தூக்கி எறியப்படும், ஏனெனில் மறுமுயற்சி எண்ணிக்கையின் இயல்பு மதிப்பு 0. அதை -1 ஆக்கினால் ஓயாமல் முயலும். இங்கேதான் பெரிய பொறி. அந்த ஆக்‌ஷனுக்குத் தனி வரிசை (செய்திகள் காத்திருக்கும் இடம்) வைக்காமல் -1 மட்டும் போட்டால், பொது வரிசை அடைபட்டு உள்ளூர்க் கோப்பில் எழுதுவதும் நின்றுவிடும். அடைப்பு முற்றினால் செய்தி அனுப்பும் நிரல்களே தொங்கலாம். அதனால் -1 போடும்போதே லிங்க்டுலிஸ்ட் வகை வரிசை, அதற்கு ஒரு கோப்புப் பெயர், வட்டில் உச்சவரம்பாக 100 எம்பி, நிறுத்தும்போது சேமிக்கச் சொல்லும் வரி ஆகிய நான்கையும் சேர்த்தே எழுத வேண்டும். கோப்புப் பெயர் விடுபட்டால் வரிசை நினைவகத்தில் மட்டுமே இருக்கும்.

நிறுத்தும்போது சேமிப்பது வேறு, கரண்ட் பட்டென்று போவது வேறு. லிங்க்டுலிஸ்ட் வரிசை குறிப்பிட்ட அளவு நிரம்பிய பிறகே வட்டுக்கு இறங்கும், அதுவரை நினைவகத்தில் இருந்தது போய்விடும். முழுக்க வட்டு வரிசையாக வைத்து ஒவ்வொரு செய்திக்கும் எழுதச் சொல்லலாம், ஆனால் எஸ்டி கார்டு தேயும். ஜெனரேட்டர் எடுக்கும் வரை தாங்குகிற சின்ன யுபிஎஸ் வைப்பதே மேல்.

டிசிபியும் முழு உறுதி தராது. லைன் அறுந்த நொடியில் அனுப்பும் இடையகத்தில் இருந்த செய்திகள் போய்ச் சேர்ந்ததாகவே கணக்காகும். ஒன்றுகூட விடக் கூடாது என்றால் பெற்றுக்கொண்டதை எதிர்முனை உறுதிசெய்யும் ரெல்ப் நெறிமுறை; இரு முனையிலும் அதற்கான தனிப் பொதியை நிறுவ வேண்டும். ஃபாக்டரிக்கு வெளியே போகும் வழி என்றால் டிஎல்எஸ் மறையாக்கம், போர்ட் 6514.

நேரக் குறியும் கவனிக்க வேண்டியது. ராஸ்பெரி பை 4 வரை கடிகாரச் சிப் கிடையாது. கரண்ட் வந்து இணையம் வராத வரை பழைய நேரத்தையே போடும். போதாக்குறைக்கு 3164 வடிவத்தில் ஆண்டும் நேர மண்டலமும் இல்லை. அனுப்பும் வடிவத்தை 2009-ல் வந்த ஆர்எஃப்சி 5424-க்கு மாற்றி, பையில் ஓர் ஆர்டிசி (கடிகாரச் சிப்) பலகை செருகுங்கள். அலுவலகக் கணினியில் செய்தி சொன்ன நேரம், வந்து சேர்ந்த நேரம் இரண்டையும் எழுத வையுங்கள்; வரிசையில் தேங்கி வந்தது எது என்று அப்போதுதான் பிரியும்.

குறை என்று சொன்னால் அமைப்பு மொழிதான். டாலர் குறியில் தொடங்கும் பழைய பாணி, அடைப்புக்குறிப் புதிய பாணி இரண்டும் ஒரே கோப்பில் செல்லும். வலையிலிருந்து எடுத்து ஒட்டுகிறவர்கள் இரண்டையும் கலந்து, எந்த வரி எதற்குப் பொருந்துகிறது என்று தெரியாமல் திணறுவார்கள். புதிய பாணியிலேயே எழுதி, மறுதொடக்கத்துக்கு முன் அமைப்பை மட்டும் சோதிக்கும் என்1 சுவிட்சோடு ஆர்சிஸ்லாக்கை ஓட்டிச் சரிபாருங்கள். பிறகு சிஸ்லாக்குக்குச் செய்தி போடும் லாகர் கட்டளையில் ஒரு செய்தி. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பத்துச் செய்தி. மறுபடி செருகினால் பத்தும் அலுவலகக் கோப்பில் வந்து நிற்க வேண்டும்.

ஒரே ஒரு பை, தொலைவில் யாரும் பார்க்கப் போவதில்லை என்றால் இவ்வளவும் வேண்டாம். டெபியனில் கூடவே வரும் சிஸ்டம்டியின் ஜர்னல் (பதிவேடு) போதும், அது வட்டில் சேமிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.