ஹை ரிஸ்க் கர்ப்பம்: சென்னையில் செக்கப்புக்கு எங்கே போவது?

சுகர், பி.பி., இரட்டைக் குழந்தை, முந்தைய சிசேரியன், கடுமையான ரத்தசோகை, இதயக் கோளாறு. இவற்றில் ஒன்றைப் பார்த்து டாக்டர் ஃபைலில் ‘ஹை ரிஸ்க்’ என்று எழுதியதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, எந்த ஆஸ்பத்திரி என்பதுதான். சென்னையில் பெரும்பாலும் மூன்று வழிகள்: ஏரியா ஆரம்ப சுகாதார நிலையமும் பெரிய அரசு மருத்துவமனையும், பக்கத்துத் தெரு நர்சிங் ஹோம், எல்லா வசதியும் உள்ள பெரிய தனியார் மருத்துவமனை.

காத்திருக்கும் நேரத்தையும் ஏ.சி.யையும் வைத்து இவற்றை ஒப்பிடுவதில் பயனில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தப்போக்கு வந்தால் அங்கேயே ஆபரேஷன் செய்ய முடியுமா, உடனே ரத்தம் கிடைக்குமா, 32 வாரத்தில் பிறக்கும் குழந்தையை அங்கேயே வைத்துப் பார்க்க முடியுமா? இந்த மூன்று கேள்விகளைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அரசு வழி

மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் 12 வாரத்துக்குள் பதிந்துவிடுங்கள். அங்கே தரும் பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்), தனியாரில் பார்ப்பவர்களுக்கும் தேவை. பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் (பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து) இந்தப் பதிவுதான் அடிப்படை. சிக்கல் இருந்தால் அங்கிருந்து சீட்டு கொடுத்து எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனைக்கோ, திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரிக்கோ, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்.முக்கோ, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். இதயம், சிறுநீரகம் போன்ற கோளாறு இருந்தால், அந்தத் துறை டாக்டர் அதே வளாகத்தில் இருக்கிறாரா என்று சீட்டு எழுதும்போதே கேளுங்கள். மகப்பேறுக்கென்றே உள்ள மருத்துவமனையை விட, எல்லாத் துறைகளும் உள்ள இடம் அவர்களுக்குப் பொருந்தலாம்.

இந்த வழியின் பெரிய பலம் எண்ணிக்கை. ஃபிட்ஸ் வந்த பி.பி. கேஸையும் நஞ்சுக்கொடி கீழே இறங்கிய கேஸையும் தொடர்ந்து பார்க்கிற கைகள் அங்கே இருக்கின்றன. குறை, ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர் பார்ப்பது. யூனிட் (டாக்டர் குழு) முறை என்பதால் உங்கள் யூனிட்டின் ஓ.பி. நாளில் போனால்தான் ஓரளவு தெரிந்த முகங்கள் இருக்கும். சீட்டில் யூனிட் எண்ணைப் பார்த்து, அது எந்தக் கிழமை என்று அட்டையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

வரிசை சுகர்காரர்களைத்தான் அதிகம் வாட்டுகிறது. வெறும் வயிற்று ரத்தம் எடுக்கவே நேரமாகிவிடும். இன்சுலின் போடுபவர் வீட்டிலேயே ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்து நின்றால், சுகர் இறங்கி மயக்கம் வரும். ஊசியையும் டிபனையும் கையோடு எடுத்துவந்து, ரத்தம் கொடுத்தபின் ஊசி போட்டு உடனே சாப்பிடலாமா என்று முந்தைய விசிட்டிலேயே டாக்டரிடம் கேட்டுவையுங்கள். சாப்பிட்ட பின் பார்க்கும் ரத்தத்துக்கு, முதல் வாய் எடுத்த நேரத்திலிருந்து 2 மணி நேரம் கணக்கு. வழக்கமாக நாலு இட்லி சாப்பிடுபவர் அன்று மட்டும் ஒன்றோடு நிறுத்தினால் ரிப்போர்ட் அழகாக வரும், மருந்து அளவு தப்பாகப் போகும். பொதுவான இலக்கு வெறும் வயிற்றில் 95க்குள், 2 மணி நேரத்தில் 120க்குள்.

பி.பி.யிலும் இதே கதைதான். படி ஏறிவந்த மூச்சு அடங்கும் முன் பார்த்தால் கூடத்தான் காட்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, காலைக் குறுக்கே போடாமல், பேசாமல், கை நெஞ்சு மட்டத்தில் இருக்கும்படி வைத்துப் பார்க்க வேண்டும். மேல்கை பருமனாக இருந்தால், “சிஸ்டர், பெரிய கஃப் இருக்கா?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள், சின்னக் கஃப்பில் இல்லாத பி.பி. தெரியும். 140/90 வந்தால் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். 160/110 என்றால் அன்றைக்கே அட்மிஷன். வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பக் கூடாது.

நர்சிங் ஹோம்

நடந்து போகிற தூரம், முதல் மாதத்திலிருந்து ஒரே டாக்டர், போன் செய்தால் எடுக்கிற நர்ஸ். வாரம் ஒருமுறை பி.பி.யும் சிறுநீரில் புரதமும் பார்க்க இதைவிட வசதி கிடையாது. ஆனால் பல இடங்களில் மயக்க மருந்து டாக்டர் வெளியிலிருந்து வர வேண்டும், ரத்தம் வேறு ரத்த வங்கியிலிருந்து வர வேண்டும், குறைமாதக் குழந்தையை ஆம்புலன்ஸில் இன்னொரு இடத்துக்கு அனுப்ப வேண்டும். தாய் இங்கே தையலோடு, குழந்தை அங்கே வென்டிலேட்டரில். குறைமாதப் பிரசவம் வரும் என்று தெரிந்தால் குழந்தையை வயிற்றில் வைத்தபடியே பெரிய இடத்துக்கு மாறுவதுதான் அதற்குப் பாதுகாப்பு. எங்கள் பார்வையில் ஹை ரிஸ்க் கர்ப்பத்துக்கு நர்சிங் ஹோம் நல்ல செக்கப் இடம். பிரசவ இடமாக மேலே சொன்ன மூன்று கேள்விக்கும் ‘ஆமாம்’ சொல்லும் ஒன்றை மட்டுமே ஏற்கலாம்.

பெரிய தனியார்

குறித்த நேரத்துக்கு அப்பாயின்ட்மென்ட், ஸ்கேனும் இதய டாக்டரும் ஒரே கட்டடத்தில். செலவில்தான் இடி விழும். பிரசவ ‘பேக்கேஜ்’ தொகையில் குழந்தையின் தீவிர சிகிச்சை பொதுவாகச் சேராது. அதற்கு நாள் கணக்கில் தனி பில். ஒரு நாளுக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். இன்சூரன்ஸ் குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்தே பொருந்துமா என்பதையும் பாருங்கள். உங்கள் டாக்டர் ஊரில் இல்லாத நாளில் யார் வருவார் என்பதையும் கேளுங்கள்.

இரண்டையும் கலந்து பார்ப்பவர்கள்

பக்கத்தில் செக்கப், பெரிய இடத்தில் பிரசவம் என்பதைத்தான் நிறையக் குடும்பங்கள் செய்கின்றன. ஒழுங்காகச் செய்தால் இதுவே நல்ல வழி. தப்பு நடப்பது இரண்டு இடத்துக்கும் நடுவில்.

முதலில் தேதி. முதல் மூன்று மாத ஸ்கேனில் குழந்தையின் நீளத்தை வைத்துக் கணக்கிட்ட பிரசவத் தேதிதான் கடைசி வரை. எட்டாம் மாத ஸ்கேனில் அதைவிடத் தள்ளிய தேதி அச்சாகி வந்தால், குழந்தை தேதிக்கு ஏற்ற வளர்ச்சி இல்லாமல் இருக்கலாம் என்றுதான் யோசிக்க வேண்டும். புதுத் தேதியை எடுத்துக்கொண்டால் அந்தக் குறை கண்ணில் படாமலே போய்விடும். அதனால் முதல் ஸ்கேன் ரிப்போர்ட் ஃபைலின் முதல் பக்கமாக இருக்கட்டும். 11–13 வார ஸ்கேன், 18–20 வார உறுப்பு ஸ்கேன், பின்னால் வரும் வளர்ச்சி ஸ்கேன்கள் முடிந்தவரை ஒரே சென்டரில் எடுங்கள். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் மட்டும் வைக்காமல் அச்செடுத்து, ரத்த குரூப், அலர்ஜி, மருந்து அளவு எழுதிய ஒரு தாளோடு சேர்த்துக் கட்டுங்கள்.

அடுத்தது தாய்வீடு. ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து திருநெல்வேலிக்கோ தஞ்சாவூருக்கோ போவது வழக்கம். செக்கப் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று நெருங்கும் காலமும் அதுதான். போவதென்றால் அங்கே எந்த ஆஸ்பத்திரி என்று முன்பே முடிவுசெய்து, போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அங்கே ஒரு விசிட் முடித்துவிட வேண்டும். குரூப் நெகட்டிவ் உள்ளவர்களுக்கு 28 வாரத்தில் போட வேண்டிய ஆன்டி-டி ஊசி விட்டுப்போக இந்தப் பயண நேரத்தில் வாய்ப்பு அதிகம்.

எந்த வழியானாலும், பிரசவம் நடக்கப்போகும் இடத்தில் 28 வாரத்துக்குள் உங்கள் பெயரில் அட்டை இருக்கட்டும். கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, ரத்தப்போக்கு, நீர் உடைதல், குழந்தை அசைவு குறைதல் என்றால் ஓ.பி. வரிசையில் டோக்கன் வாங்கி நிற்காதீர்கள். 108ஐ அழைத்து நேராகப் பிரசவ வார்டுக்குப் போய், ‘ஹை ரிஸ்க்’ என்று எழுதிய பக்கத்தை முதலில் நீட்டுங்கள்.