மூச்சு வாங்கவில்லை, ஆனால் வால்வு கசிகிறது: காத்திருப்பதா, இப்போதே ரிப்பேரா?

எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) ரிப்போர்ட்டில் 'ட்ரிவியல் எம்.ஆர்.', அதாவது மைட்ரல் வால்வில் அற்பக் கசிவு, என்று பார்த்ததுமே தூக்கத்தைத் தொலைப்பவர்கள் உண்டு. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள கதவுதான் மைட்ரல் வால்வு; ஆரோக்கியமான இதயத்திலும் அது லேசாகக் கசியும், அதை விடுங்கள். 'சிவியர்' என்று வந்தவர்களுக்குத்தான் குழப்பம். தினமும் ஓடுகிறார், மாடி ஏறுகிறார், மூச்சு வாங்குவதில்லை. ஆனால் வால்வின் இதழ் தொய்ந்து, ஒவ்வொரு துடிப்புக்கும் 60 மில்லி ரத்தமாவது பின்னோக்கிப் போகிறது.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதல்ல. 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை எக்கோ. இ.எஃப். (கீழறையில் உள்ள ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு வெளியேறும் பங்கு) 60 சதவீதத்துக்கு இறங்கினாலோ, சுருங்கிய நிலையில் இடது கீழறையின் அகலம் 40 மி.மீ. தொட்டாலோ, அறிகுறி இல்லாவிட்டாலும் ஆபரேஷன்தான். 60 நல்ல நம்பர்தானே? மற்றவர்களுக்குச் சரி. இங்கே ரத்தத்தில் ஒரு பங்கு, அழுத்தம் குறைந்த மேலறைக்குச் சுலபமாகத் தப்பிவிடுகிறது. அதனால் கீழறை நன்றாக வெளியேற்றுவதுபோல் தெரியும். அந்தச் சலுகை இருந்தும் 60தான் என்றால், தசை தளர ஆரம்பித்துவிட்டது.

'எனக்கு ஒன்றுமில்லை' என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தன்னை அறியாமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வயசாகிவிட்டது என்பார்கள். ட்ரெட்மில்லில் ஏற்றினால் தெரிந்துவிடும்.

முன்கூட்டியே ரிப்பேர் செய்தால் தசை தளரும்வரை காத்திருக்க வேண்டாம், சொந்த வால்வும் மிஞ்சும். ஆனால் 2020 அமெரிக்க வழிகாட்டுதல் இதற்குக் கறாராக நிபந்தனை போடுகிறது: ரிப்பேர் வெற்றிபெற 95 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு, உயிரிழப்பு அபாயம் 1 சதவீதத்துக்குக் கீழ். பின்னிதழ் மட்டும் தொய்ந்திருந்தால், கைதேர்ந்த சர்ஜனுக்கு இது எட்டக்கூடியதே. ருமாட்டிக் காய்ச்சலால் தடித்த வால்வு அப்படியில்லை. ரிப்பேர் சரிவராமல் உலோக வால்வு வைக்க நேர்ந்தால், வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, அதற்கு ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். டெஸ்ட். நன்றாக ஓடிக்கொண்டிருந்தவருக்கு அது நஷ்டம்.

பின்னிதழ் தொய்வு, அனுபவமுள்ள சர்ஜன் இரண்டும் அமைந்தால் என் ஓட்டு ரிப்பேருக்கு. இல்லையென்றால் காத்திருக்கலாம், அதுவும் எக்கோவுக்கு ஒழுங்காக வருபவராக இருந்தால் மட்டும். சர்ஜனிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: வருஷத்துக்கு எத்தனை மைட்ரல் ரிப்பேர் செய்கிறீர்கள், அதில் எத்தனை கடைசியில் வால்வை மாற்றுவதில் முடிந்தது?

இடது கீழறையிலிருந்து உடலுக்கு ரத்தம் போகும் வாசலான அயோர்ட்டிக் வால்வின் கசிவுக்குக் கணக்கே வேறு. அங்கே எல்லை இ.எஃப். 55 சதவீதம், அகலம் 50 மி.மீ. பெரும்பாலும் வால்வையே மாற்ற வேண்டியிருப்பதால், அவசரப்படுவதில் லாபம் குறைவு.