துபாய் சுற்றுலா: அறை பர் துபாயிலா, மரீனாவிலா?

டிக்கெட் போட்டு, விசா வாங்கி எல்லாம் முடிந்த பிறகு வீட்டுக்குள் பெரிய விவாதம் நடப்பது அறையை எங்கே எடுப்பது என்பதில்தான். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. அம்மாவும் கூட வந்ததால் கடைசியில் பழைய ஊரான பர் துபாயில் எடுத்தோம். மரீனாவில் தங்கியதில்லை, ஒரு சாயங்காலம் போய்ச் சுற்றியதோடு சரி. அதனால் பழைய ஊர் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

மரீனா அழகு, அதில் சண்டையே இல்லை. வெட்டி எடுத்த கால்வாய், இரண்டு பக்கமும் கழுத்து வலிக்கிற உயரத்தில் கட்டடங்கள், ஜேபிஆர் கடற்கரை, எதிரே 250 மீட்டர் உயர ஐன் துபாய் ராட்டினம், சுற்றிவர டிராம். கடலில் குளிப்பதுதான் உங்கள் திட்டம் என்றால் மேலே படிக்காமல் அங்கேயே எடுத்துவிடுங்கள். வாடகையும் சாப்பாடும் பர் துபாயில் மலிவு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மீனா பஜாரிலும் பக்கத்துக் கராமாவிலும் இட்லி தோசைக்குப் பஞ்சமில்லை.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு ஒன்று, மத்தியானம். அந்த ஊரில் குளிர்காலம் தவிர மற்ற மாதங்களில் பதினோரு மணிக்கு மேல் வெளியே நடக்க முடியாது. பழைய சந்தையிலும் பல கடைகள் மத்தியானம் மூடிவிட்டுச் சாயங்காலம்தான் திறக்கின்றன. ஆக ஒருநாள் என்பது காலை, சாயங்காலம் என்று இரண்டு துண்டாகிவிடுகிறது, நடுவில் அறைக்குத் திரும்பிச் சாப்பிட்டுப் படுக்க முடிகிறதா என்பதில்தான் மொத்தப் பயணமும் நிற்கிறது, குறிப்பாக வயதானவர்களும் குழந்தைகளும் கூட இருந்தால். பர் துபாயில் அது சுலபம். காலையில் அல் ஃபஹீதியின் சந்துகளில், காற்றை உள்ளே இறக்கும் காற்றுக் கோபுரம் வைத்த பழைய வீடுகளைப் பார்த்தபடி நடந்து, கழிமுகத்துக்கு வந்து ஆப்ரா என்கிற மரப்படகில் ஏறினால் 1 திர்ஹம்தான். முதுகோடு முதுகாக உட்கார வைப்பார்கள், படகு நகர்ந்த பிறகு படகோட்டி கையை நீட்டுவார், சில்லறையாகக் கொடுத்துவிட வேண்டும். அக்கரையில் இறங்கியதும் மசாலா சந்தை, கொஞ்சம் நடந்தால் தங்கச் சந்தை, அங்கே ஒரு கடையில் கிட்டத்தட்ட 64 கிலோ எடையில் ஒரு மோதிரம். எல்லாம் பார்த்துவிட்டு அதே படகில் திரும்பி, வெயில் ஏறுவதற்குள் அறைக்கு வந்துவிடலாம்.

சாயங்காலம் புர்ஜ்மானில் மெட்ரோ பிடித்தால் புர்ஜ் கலீஃபா நிலையம் கால் மணி நேரம். மரீனாவிலிருந்து ஏறக்குறைய இரட்டிப்பு. நிலையத்திலிருந்து துபாய் மாலுக்குப் போகும் ஏசி நடைபாதை முடிவே இல்லாமல் நீளும், அது யாராக இருந்தாலும் நடந்துதான் ஆக வேண்டும். (மெட்ரோவில் சூயிங்கம் மென்றால்கூட அபராதம், ஞாபகம் இருக்கட்டும்.)

மரீனாவில் தங்குகிறவர்கள் மத்தியானம் என்ன செய்வார்கள் என்றால், அநேகமாக ஏதாவது மாலுக்குள் போய்விடுவார்கள். மாலுக்குள் போனால் பர்ஸ் திறக்கும். அங்கேயே கடற்கரையில் காலையைக் கழித்துவிட்டு அறைக்குப் போகலாம்தான், ஆனால் பழைய ஊரைப் பார்க்க ஒருநாள் கிளம்பினால் அன்றைக்கு நடுவில் திரும்புவது கஷ்டம். டிசம்பர், ஜனவரியில் போகிறீர்களா? அப்படியானால் நான் சொன்னதில் பாதி செல்லாது, மத்தியானமும் சுற்றலாம்.

அபுதாபி மசூதியைப் பார்க்கப் போவதில் இரண்டும் ஒன்றுதான். பர் துபாயில் அல் குபைபா பஸ் நிலையத்திலிருந்து ஈ100 பஸ், மரீனா பக்கம் இப்ன் பதூதாவிலிருந்து ஈ101.

பர் துபாயின் குறையையும் சொல்லிவிடுகிறேன். பழைய மூன்று நட்சத்திர ஓட்டல்கள் பலவற்றில் கீழ்த்தளத்தில் பார், பாட்டுக் கச்சேரி எல்லாம் உண்டு, எங்கள் ஓட்டலில் முதல் ராத்திரி இரண்டு மணிக்கும் சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது. மறுநாள் கேட்டு மேல்மாடிக்கு மாறிக்கொண்டோம். புக் செய்யும்போதே, கீழே கிளப் இருக்கிறதா என்று கேட்டு உயரமான மாடியில் அறை வாங்குங்கள். அறை வாடகை போக, ராத்திரிக்கு 7 முதல் 20 திர்ஹம் வரை சுற்றுலா வரியும் உண்டு. பெரும்பாலும் அதை ஓட்டலில்தான் கட்டச் சொல்வார்கள்.